முழங்காலுக்குக் கீழே ஒரு சுவிச்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருகோணமலை உப்புவெளியில் நான் தனியாக இருந்த காலம். கணவர் மாரடைப்பில் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கண்டி வீதியில், கப்பல்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். போக வர அவருடைய பழைய ஜப்பான் கார். எனக்கு ஓட்டப் பழக்கியவரும் அவர்தான்.

அவர் இருக்கும்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருநாள் சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், காரை நிறுத்தி, இஞ்சின் மூடியான பொனற்றைத் திறந்து காட்டச் சொன்னார்கள். இளம் சிப்பாய் ஒருவன் குனிந்து பார்த்தான். இஞ்சின் நின்றிருந்தும், சூட்டில் ரேடியேற்றர் விசிறி தானாகச் சுழலத் தொடங்கியது. அவன் குண்டென்று நினைத்துப் பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான். இருவரும் கையை உயர்த்திக்கொண்டு நின்றோம். இனிச் செத்தாலும் இந்தக் காரில் ஏற மாட்டேன் என்று வீட்டில் அழுதேன். அடுத்த ஞாயிறு முழுக்க அவர் காரோடு கிடந்தார். பிறகு என்னிடம் வந்து, "இனி அப்பிடி நடக்காது, பயப்பிடாமல் ஏறும்" என்றார். அவ்வளவுதான், வேறு கதை இல்லை.

அதன் பிறகு எந்தச் சென்றியை நெருங்கினாலும் அவருடைய வலது கை முழங்கால் பக்கம் போகும். "ஆமியைக் கண்டால் உங்களுக்கு முழங்கால் கடிக்குதோ?" என்று பகிடி பண்ணுவேன். ஓம் ஓம் என்று சிரிப்பார்.

அவர் போன பிறகு கார் குழப்படி செய்யத் தொடங்கியது. ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. சென்றி வரிசையில் நின்றால் மட்டும் வெப்பமுள் மளமளவென்று ஏறும், பொனற்றுக்குள்ளிருந்து ஆவி வரும். ஒருநாள் வரிசையின் நடுவிலேயே நின்றுவிட்டது. ஆமி இரவுக்குப் பாதையை மூடுவதற்குச் சற்று முன்புதான் வீடு வந்து சேர்ந்தேன். ஏன் பிந்தியது என்று கேட்க ஒருவரும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

பாலையூற்று மெக்கானிக் தண்ணீர்ப் பம்பை மாற்றிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "இஞ்சின் முடிஞ்சுது ரீச்சர், வித்துப்போட்டு பஸ்ஸில போங்கோ." ஞாயிறு பின்னேரம் வாங்க ஆள் வரும் என்று மைத்துனர் ஏற்பாடும் செய்துவிட்டார். எனக்கோ மனம் இல்லை. வீட்டில் அவருடைய கதிரை வெறுமையாகக் கிடந்தது. காரில் மட்டும்தான் அவர் இருந்த இடத்தில் நான் இருந்தேன்.

ஞாயிறு காலை, கடைசியாக ஒருமுறை நானே பார்ப்போம் என்று முற்றத்தில் காரை இயங்கவிட்டேன். முள் ஏறிக்கொண்டே போனது, விசிறி அசையவில்லை. மெக்கானிக் இதைக் கவனித்தாரா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். இஞ்சினை நிறுத்திவிட்டு, அவர் செய்து வைத்திருந்த சோதனை விளக்கை எடுத்தேன். ஒரு சின்ன பல்பும் இரண்டு வயரும்தான். அவர் திருத்தும்போது பக்கத்தில் பிடித்து நின்ற பழக்கம் இருந்தது. பியூசில் வைத்தேன், எரிந்தது. விசிறியை நேரே பற்றறியில் தொடுத்தேன், சுழன்றது. அப்படியென்றால் இரண்டிலும் பிழையில்லை. சூடு ஏறினால் விசிறியைத் தானாகப் போடும் சுவிச் ரேடியேற்றரின் அடியில் இருந்தது. அதன் வயர் கழற்றப்பட்டு, கறுப்பு ஒட்டுநாடா சுற்றி, வேறொரு சிவப்பு வயரோடு இணைக்கப்பட்டிருந்தது. எங்கள் வீட்டு அழைப்புமணிக்குப் போட்ட வயரின் மிச்சம் அது.

அதைப் பிடித்துக்கொண்டே போனேன். ஸ்டியரிங்குக்கு அடியில், வலது முழங்காலுக்கு நேரே ஒரு சின்ன சுவிச்சில் போய் முடிந்தது. போட்டேன். விசிறி சுழன்றது.

விசிறியைத் தானாக ஓடவிடாமல் செய்து, தன் கையாலேயே போட்டும் நிறுத்தியும் வந்திருக்கிறார். சென்றியில் பொனற்றைத் திறக்கமுன் நிறுத்தத்தான் அந்தக் கை போயிருக்கிறது. அவர் போனபின் அதைப் போட ஆளில்லை. காருக்குள் இருந்து அழுதேன். பின்னேரம் வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, விற்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது அந்தச் சென்றியும் இல்லை, அந்தக் காரும் இல்லை. ஆனாலும் சென்றி இருந்த அந்த வளைவு வந்தால் என் கை முழங்கால் பக்கம் போகும். நான் பயப்படக்கூடாது என்பதற்காக என் பகிடியையும் வாங்கிக்கொண்டு உண்மையைச் சொல்லாமல் சிரித்தவரோடு வாழ்ந்திருக்கிறேன் என்ற நினைப்புத்தான், தனியாக வீடு திரும்பும் ஒவ்வொரு பின்னேரமும் எனக்குத் துணை வருகிறது.