“இது நானில்லை”

ஸ்ரூடியோத் தொழிலில் படம் எடுப்பது லேசான வேலை. எடுத்த படத்தை அதற்குரிய ஆளிடம் காட்டுகிற நேரம்தான் கஷ்டம். மன்னாரில் என்னைப்போலக் கடை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கண்ணாடி ஆள்

முருங்கனிலிருந்து ஒரு பள்ளிக்கூட ரீச்சர் பாஸ்போட் படம் எடுக்கக் கணவரோடு வந்தார். கணினியில் படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. “வாய் கோணலாக் கிடக்கு, தம்பி. இது நானில்லை.” எல்லோரும் சொல்வதுதான். தன் முகத்தை இடம் வலம் மாறித்தானே ஒருவர் தினமும் கண்ணாடியில் பார்க்கிறார். படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பிக் காட்டினேன். “ஓம், இதுதான் நான்” என்றார். பின்னால் நின்ற கணவர் எட்டிப் பார்த்தார்.

“முதல் காட்டினதுதான் நீர். இது உம்மட தங்கச்சி.”

கறையான் தின்ற பாதி

பள்ளிமுனை பிலோமினா அக்கா தன் கலியாணப் படத்தைக் கொண்டுவந்தார். அவருடைய கணவர் சவிரி அண்ணருக்கு மூளையின் வலப்பக்கத்தில் இரத்தம் அடைத்துக் கைகால் விழுந்து, பிறகு தேறிவிட்டது. முகங்கள் மட்டும் திரும்பி வரவில்லை. முகத்தை வைத்து ஆளை அறிவதில் அந்தப் பக்கத்துக்குத்தான் பெரிய பங்கு என்று டொக்டர் சொன்னாராம். குரல் கேட்டால் ஆளைத் தெரியும். தடிமன் பிடித்துச் சளியில் அக்காவின் தொண்டை அடைத்திருந்த மூன்று நாளும், சோறு கொண்டுபோன அக்காவையே, “ஆர் நீங்கள்? மனுசி இல்லாத நேரம் உள்ளுக்கு வராதேங்கோ” என்று அனுப்பியிருக்கிறார். கலியாணத்தன்று பார்த்த முகமாவது அவருக்குள் இருக்கும் என்று அக்கா நம்பினார்.

படத்தில் அக்காவின் முகத்தில் பாதியைக் கறையான் தின்றிருந்தது. நாங்கள் வழமையாகச் செய்வதைச் செய்தேன்: நல்ல பாதியைத் திருப்பி மற்றப் பக்கம் ஒட்டினேன். கோயிலில் இருக்கும் மாதா சுருவம் போல ஒரு முகம் வந்தது. எதிரில் இருப்பவரின் முகத்தில் எங்கள் இடக்கைப் பக்கம் தெரியும் பாதியைத்தான் மூளை கூடுதலாக நம்பும் என்று பிறகுதான் வாசித்தேன். கறையான் தின்றதும் அந்தப் பாதியைத்தான்.

அக்கா கனநேரம் பார்த்தார்.

“வடிவாத்தான் இருக்கிறாள். ஆனா அவர் இவளைக் கட்டேல்லை.”

இருவர் படம்

பழையது சரிவராததால், இருவரையும் இப்போது இருக்கிறபடி எடுத்து அண்ணரின் கட்டிலுக்கு நேரே மாட்டுவதென்று முடிவானது. மருமகன் ஓட்டோவில் அண்ணரை இறக்கிவிட்டுப் போனான். அக்கா தனியாகப் பின்னால் வந்தார். வாய் திறக்கவேண்டாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். குரல் கேட்காமல் முகத்தை மட்டும் வைத்து அண்ணர் தன்னை அறிகிறாரா என்று அவருக்கு ஒருமுறை பார்த்துவிடவேண்டும். அண்ணர் மரியாதையாக எழும்பி, தான் உட்கார்ந்திருந்த கதிரையை அவருக்குக் கொடுத்தார். படம் எடுத்துக் காட்டினேன்.

“இது என்ர சேட்டு. அப்ப இது நான்தான்” என்றார் அண்ணர், தன் சட்டையைத் தொட்டுப் பார்த்து. “பக்கத்தில இருக்கிற அம்மா ஆர், தம்பி? தெரியாத ஆளோட என்னத்துக்கு என்னைப் படம் எடுக்கிறீர்?”

நான் அக்காவைப் பார்க்கவில்லை.

“இஞ்சேருங்கோ, பொத்தானை மாறிப் பூட்டியிருக்கிறியள்” என்றார் அக்கா.

அண்ணரின் முகம் மலர்ந்தது. “பிலோ! நீ எப்ப வந்தனீ?”

அக்கா குனிந்து பொத்தானைச் சரிசெய்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“முப்பது வருசமா என்னை வாயை மூடு, வாயை மூடு எண்ட மனுசன், தம்பி. இனி மூடினால் நான் ஆரோ ஒருத்தி.”

அளவு, வெளிச்சம், பின்னணி எல்லாம் சரியாக வந்த படம்தான். அதில் இருப்பது யார் என்று மட்டும் அக்கா தினமும் பக்கத்தில் நின்று சொல்லவேண்டியிருக்கிறது.