கூட வந்தவர் பெயர் என்ன?

இன்று காலை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என் மருமகளிடம் அனுமதி கேட்டது.

நானும் பக்கத்தில்தான் இருந்தேன். (பூண்டு உரிக்க அந்த அறையில்தான் நல்ல வெளிச்சம்.)

மருமகள் ரேவதி, கல்லூரிப் புத்தகங்களை வீட்டிலிருந்தே டைப்செட்டிங் செய்து கொடுக்கிறாள். இப்போது கையில் இருப்பது ஒரு கணக்கு புரொபசரின் புத்தகம். வட்டமும் முக்கோணமுமாக நூறு படம்.

"இன்னாம்மா கேக்குது?"

"படம் வரையணும், கடைசிப் பக்கத்துல வார்த்தைங்கள வரிசையா அடுக்கணும். அதுக்கு இந்த சாஃப்ட்வேர் வேற புரோகிராமுங்களக் கூப்புடணுமாம் அத்த. உடலாமான்னு கேக்குது."

"யார் யார?"

"யார வேணும்னாலும். புரொபசர் ஃபைல்ல யார் பேரு இருக்குதோ அவங்கள."

பூண்டைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் என் படங்கள் இருக்கின்றன. கட்டம் போட்ட தாளில் நான் வரைந்த சேலைக் கரை டிசைன்கள், முப்பது வருஷத்து வேலை. ரேவதி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து முடித்தாள், அதன் பிறகு தாளைக் கரையான் தின்றது. இப்போது இருப்பது அது ஒன்றுதான்.

இன்னொரு காரணமும் உண்டு.

பெரியவனுக்குக் காது குத்திய வருஷம், என் நாத்தனார் ஓர் ஆளைக் கூட்டி வந்தாள். "நம்மாளுதான் அண்ணி, சும்மா எங்கூட வந்தாரு" என்றாள். மூன்று நாள் வந்தார். மோர் குடித்துக்கொண்டே எங்கள் வீட்டுத் தறியைப் பார்த்தார்.

தீபாவளிக்கு முன்னால் என் மயில் கரை அடுத்த தெருத் தறியில் ஓடியது.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஐந்தாவது மயிலுக்கு நான் ஒரு கால் போட மறந்திருந்தேன். அங்கேயும் ஐந்தாவது மயில் ஒற்றைக் காலில் நின்றது.

நாத்தனார் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. நானும் இன்றுவரை விடவில்லை.

"பேரு தெரியாம யாரையும் உள்ள உடாதம்மா" என்றேன்.

ரேவதி எதையோ தேடிப் படித்தாள். பட்டியல் ஒன்று கொடுத்தால் போதுமாம், அதில் பெயர் இல்லாதவரை சாஃப்ட்வேர் கூப்பிடாதாம். நாலு பெயர் எழுதினாள். ஒவ்வொருவரும் என்ன வேலை செய்வார் என்று கேட்டேன், சொன்னாள். நாலாவது ஆள்தான் படம் வரைகிறவர்.

"இதுல எவனாவது உள்ள வந்தப்புறம் இன்னொருத்தனக் கூட்டிக்கினு வருவானா?"

ரேவதி மறுபடியும் கொஞ்ச நேரம் படித்தாள்.

"நாலாவது ஆளு கூட்டிக்கினு வருவான் அத்த. ஃபைல்ல எழுதியிருந்தா எந்த புரோகிராமையும் ஓட்டுவான்."

"அப்ப அவன் வெளிய."

"அவன் இல்லன்னா நூறு படத்தையும் நான் தனியா வரஞ்சி ஒட்டணுமே."

"நான் சமைக்கிறேன். நீ வரை."

முணுமுணுத்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். எப்படி வரைய வேண்டும் என்று புரொபசர் எழுதியிருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தவள், ஓர் இடத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

"அத்த, வரஞ்சி முடிச்சதும் 'படங்கள்'னு இருக்கிற ஃபோல்டரக் காலி பண்ணுன்னு எழுதியிருக்குது."

என் டிசைன்கள் இருக்கும் ஃபோல்டருக்கும் அதே பெயர்தான்.

நாலாவது ஆளை உள்ளே விட்டிருந்தால், அவன் பின்னாலேயே அந்த வரியும் வந்திருக்கும். மயில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது.

புரொபசருக்குப் போன் செய்தோம். பதறிப்போனார். "அது என் கம்ப்யூட்டர்ல குப்பை அள்றதுக்கு எழுதினதும்மா. எடுக்க மறந்துட்டேன், என் தப்புதான்."

கேட்ட அந்த நிமிஷமே ஒப்புக்கொண்டார். (நாத்தனார் கவனிக்கவும்.) அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை.

மதியம் கத்திரிக்காய் சாம்பார். சாயந்திரத்துக்குள் இருபது படம் முடிந்தது. என் டிசைன்கள் எல்லாம் ஒரு சிடியில் ஏறி, பட்டுச்சேலைக்கு நடுவே பீரோவில் இருக்கின்றன. மனசு நிறைந்திருக்கிறது.

நாத்தனாரும் இதைப் படிப்பாள், அவள் பேத்தி வாசித்துக் காட்டுவாள். கருட சேவைக்கு வருகிறாளாம். தாராளமாக வரட்டும், காபி உண்டு. கூட வருகிறவர் பெயரை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடட்டும்.

ஐந்தாவது மயிலுக்குக் கம்ப்யூட்டரிலேயே கால் போட்டுவிடலாமா என்று ரேவதி கேட்கிறாள்.

வேண்டாம், அது என் சாட்சி என்று சொல்லிவிட்டேன்.

நான் சொன்னது சரிதானே?