சில்வர் என்று நினைத்துப் போனேன்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குளிர்காலம். கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் இருந்தோம். கணவருக்கு ஃபக்டரி வேலை நின்று இரண்டு மாதம். பழம்பொருள் கடையொன்றில் மேசைப் பாத்திரங்கள் துடைக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஃபோன் எடுத்தேன். எனாமல் போட்ட சில்வர் தெரியுமா என்று கடைக்காரி ஆங்கிலத்தில் கேட்டார். எனாமல் கோப்பையில் சோறு தின்று, சில்வர் பேணியில் தேத்தண்ணி குடித்து வளர்ந்தவளிடம் இதென்ன கேள்வி? பதினைந்து வருடப் பழக்கம் என்று அடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை நேரில் வரச் சொன்னார்.

பிறகுதான் சந்தேகம் அரித்தது. சில்வர் பாத்திரம் துடைக்க யாராவது சம்பளம் கொடுப்பார்களா? அருங்காட்சியகத்தில் அப்படியொன்றைப் பார்த்துவிடலாம் என்று ஞாயிறு காலை பத்தரைக்கு வார்டன் பஸ் பிடித்தேன். அப்போது டிக்கெட் இரண்டு டொலர். சப்வேக்கு மாறத் திரும்பக் காசு கட்டாமலிருக்க, ட்ரான்ஸ்ஃபர் சீட்டு வாங்க மறக்கவேண்டாம். வார்டனில் சப்வே ஏறி சென் ஜோர்ஜில் இறங்கினால், அருங்காட்சியகத்துக்கு ஐந்து நிமிட நடை. மொத்தம் ஒரு மணித்தியாலம். காது விறைத்தது என் பிழை, தொப்பி கொண்டுபோகவில்லை.

ஐரோப்பியப் பகுதியில், கண்ணாடிப் பெட்டிக்குள், முந்நூறு வருடப் பழைய ஒரு கோப்பையும் உப்புக் கிண்ணமும். வெள்ளைப் பரப்பில் நீலமும் மஞ்சளுமாகத் துலிப் பூக்கள். காவலுக்கு நின்றவர் நம்மவர்.

“அண்ணை, உது சில்வரோ?”

“ஓம் தங்கச்சி. ஆனா எங்கட சில்வர் இல்லை. உது வெள்ளி.”

குறிப்பு அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தேன். நிறம் பெயின்ற் இல்லையாம்; தூளாக்கிய கண்ணாடியை வெள்ளியில் வைத்து, சூட்டில் உருக்கியதாம். விளிம்பில் நகமளவு உதிர்ந்து, கறுத்த வெள்ளி தெரிந்தது. நானென்றால் தேங்காய்த் தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருப்பேன். ஒன்றரை மணித்தியாலம் அந்த இரண்டையும் விட்டு நகரவில்லை. கனடாவுக்கு வந்தபின் விலை யோசிக்காமல் ஆசையோடு ஒரு பொருளைப் பார்த்தது அன்றுதான்.

செவ்வாய், கடைக்காரி ஒரு சிறு கோப்பையும் பொலிஷும் தந்து துடைக்கச் சொன்னார். நான் தொடவில்லை. ஃபோனில் சொன்னது பொய், எங்களுக்குச் சில்வர் என்றால் துருப்பிடிக்காத இரும்பு, இது கண்ணாடி, முதலில் வெடிப்பிருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்று தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினார். எனக்கு முன் வந்தவர் எல்லாம் தெரியும் என்று சொல்லி ஒரு பூவையே தேய்த்து உதிர்த்துவிட்டாராம்.

அருங்காட்சியகம் போகிறவர்களுக்கு: நேரமும் கட்டணமும் மாறியிருக்கும், விசாரித்துவிட்டுப் போங்கள். மாடி மாடியாக ஓடாதீர்கள். இரண்டே பொருளைத் தெரிவுசெய்து நின்று பாருங்கள். குறிப்பு அட்டையை விடாதீர்கள், எனக்கு வேலை தந்தது அதுதான்.

அந்தச் செவ்வாய் திரும்பிவந்து வீட்டுக் கதவைத் திறந்ததுமே, எப்போது வேலை என்று கணவர் கேட்டார். வெள்ளி என்றேன்.

“வேலை வெள்ளியெண்டு தெரியும். எப்ப தொடக்கம் எண்டெல்லோ கேக்கிறன்.”

“இரண்டும் வெள்ளிதானப்பா.”