பிள்ளைபிடிகாரனின் மீன்பெட்டி

எங்கள் மிஷன் பள்ளிக்கூட வாசலை ஒன்றரை மணிக்குப் பார்த்தால் ஊரில் ஏதோ கலவரம் என்று நினைப்பீர்கள். அவ்வளவு ஸ்கூட்டிகள், ஹெல்மெட்டைக் கழற்றாத அம்மாமார். எட்டாம் வகுப்புப் பிள்ளையின் புத்தகப்பையைத் தாய் தோளில் போட்டுக்கொள்வாள். வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கும். குண்டு விழுந்த காலத்தில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போன ஆட்கள், இப்போது கச்சான்கடலை விற்கிறவனைக் கண்டு பயப்படுகிறோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான்.

எங்களுக்கென்று ஃபோனில் ஒரு வைபர் குழு. அதில் கிழமைக்கு ஒரு பிள்ளைபிடிகாரன் வருவான். ஒருவனும் பிடிபட்டதில்லை, ஒரு பிள்ளையும் காணாமல் போனதில்லை.

என் மகளின் வகுப்பில் ஒருத்தி மட்டும் தனியாகச் சைக்கிளில் வருவாள். கடற்கரையில் மீன்பிடிக் குடும்பம். கணக்கில் எப்போதும் முதலாவது. "தாய் தகப்பனுக்கு அக்கறை இல்லை" என்று வாசலில் கதைத்துக்கொள்வோம்.

ஒருநாள் காலை அவளுடைய சைக்கிள் ரயர் வெடித்துவிட்டது, பஸ்ஸில் வந்திருந்தாள். பள்ளிக்கூடம் விடும்போது கூட்டிப்போகத் தகப்பன் வந்தார். எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. இடுப்பில் சாரம், பழைய மோட்டார் சைக்கிள், பின்னால் கட்டிய வெள்ளை றெஜிபோம் பெட்டி. எட்டாம் வகுப்பு எத்தனை மணிக்கு விடும் என்று ஒரு தாயிடம் கேட்டதுதான் அவர் செய்த குற்றம். இரண்டு நிமிடத்தில் அவருடைய படம் குழுவுக்கு வந்துவிட்டது: 'கவனம். பெட்டியோடை ஒருத்தன் நிக்கிறான்.'

வங்கி மனேஜரான ஒரு தகப்பன் போய் மோட்டார் சைக்கிள் சாவியைப் பிடுங்கினார்.

"ஆரைத் தேடி வந்தனீ?"

"என்ரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான், ஐயா."

"பெட்டிக்குள்ளை என்ன? திற பாப்பம்."

அவர் திறந்தார். ஐஸும் நாலு பாரைக்குட்டியும் இருந்தன. இப்படிப்பட்ட பெட்டியில்தான் ஒவ்வொரு நாளும் பேரம் பேசி மீன் வாங்குகிறோம். அன்றைக்கு அதற்குள் பிள்ளையை ஒளிக்கலாம் என்று படித்த மூளைகளுக்குத் தோன்றியது. நான் என்ன செய்தேன்? படத்தை என் தங்கைக்கும் அனுப்பினேன்.

அதற்குள் அவருடைய மகள் வெளியே வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றாள். "இவர் என்ரை அப்பா" என்றாள். மனேஜர் சாவியை நீட்டினார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. "பிள்ளையளின்ரை பாதுகாப்புக்குத்தானே" என்றார். அதற்கும் அந்த மனிதர் "ஓம் ஐயா" என்றார்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கொஞ்சமாவது வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். தீர்மானம் அல்லவா போட்டார்கள். இனிமேல் தாயோ தகப்பனோ நேரில் வந்து அடையாள அட்டை காட்டித்தான் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டும். சைக்கிளில் தனியே போக விடமாட்டார்கள். மத்தியானம் ஊர் ஊராக மீன் விற்கிறவர் தினமும் எப்படி வருவார் என்று யாரும் கேட்கவில்லை. தாய் வேலை செய்வது கருவாடு காயப்போடும் வாடியில், அவராலும் வர முடியாது. சம்மதமானவர்களைக் கை உயர்த்தச் சொன்னார்கள். நானும் உயர்த்தினேன். நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மூன்று கிழமை அவர் வந்தார். சாரத்தை விட்டு நீளக் காற்சட்டை போட்டிருந்தார். பெட்டியைக் கழற்றியிருந்தார். அப்படியும் அம்மாமார் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். பிறகு வரவில்லை.

"அவள் பள்ளிக்கூடத்தாலை விலகிட்டாள், அம்மா" என்றாள் ஸ்கூட்டியின் பின்னால் இருந்த என் மகள். "வீட்டுக்குக் கிட்ட இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போறாளாம். அங்கை கணக்குக்கு ரீச்சர் இல்லையாம்."

இத்தனை வருடத்தில் எங்கள் வாசலிலிருந்து ஒரு பிள்ளை காணாமல் போனது அப்போதுதான். பிடித்துக்கொண்டு போனது நாங்கள்.