அடித்துக் கொன்றார்கள் என்று எழுதுங்கள்

பந்திங் நகரில் பதினெட்டு ஆண்டுகளாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவர் இராஜம்மா. எந்தப் பிள்ளை எந்த முனையில் ஏறும், எந்தப் பிள்ளைக்கு வண்டியில் வாந்தி வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு அவரும் தம்பி பாலனும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பாலன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான்.

ஒரு திங்கட்கிழமை காலை, திருட்டு மோட்டார் சைக்கிள் வழக்கில் விசாரிக்க வேண்டும் என்று பாலனைத் தொழிற்சாலை வாசலிலேயே போலீசார் ஏற்றிக்கொண்டு போனார்கள். இராஜம்மா மூன்று நாளும் சாப்பாடு கட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். மூன்று நாளும் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். வியாழக்கிழமை மத்தியானம், பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தம்பிக்கு மூச்சுத்திணறல், இறந்துவிட்டார், மருத்துவமனைக்கு வந்து கையெழுத்துப் போட்டு உடலை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

பிணவறையில் துணியை முகம் வரைக்கும்தான் விலக்கினார்கள். மிச்சத்தை இராஜம்மா தானே இழுத்து விலக்கினார். தொடையெல்லாம் கோடு கோடாகத் தடித்திருந்தது. உள்ளங்கால் இரண்டும் கறுத்து வீங்கியிருந்தன.

பக்கத்தில் நின்ற போலீஸ் சார்ஜன், குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று மலாயில் சொன்னார்.

“வழுக்கி விழுந்தவனுக்கு உள்ளங்கால்ல எப்படி அடிபடும்?” என்று இராஜம்மாவும் மலாயிலேயே கேட்டார். சார்ஜன் பேனாவை நீட்டினார். இராஜம்மா வாங்கவில்லை.

அன்று மாலையே புகார் கொடுக்கப் போனார். போலீஸ் அடித்ததைச் சொல்லவும் போலீஸிடம்தான் போக வேண்டியிருந்தது. முகப்பில் இருந்த கான்ஸ்டபிள் தனேஷ் தமிழர். இராஜம்மா சொல்லச் சொல்ல மலாயில் தட்டச்சு செய்து தாளை நீட்டினார். ‘கைதி விழுந்து காயமடைந்து இறந்தார்’ என்றிருந்தது.

“நான் இப்படியா சொன்னேன்?”

“இதான் ஃபார்மட், ஆன்டி.”

“என் தம்பி விழுந்தான்னு உங்க ஃபார்மட்ல இருக்கா? அடிச்சுக் கொன்னாங்கன்னு எழுதுங்க.”

இரண்டாவது தாளில் ‘சந்தேகத்துக்குரிய மரணம்’ என்று வந்தது. அதையும் திருப்பிக் கொடுத்தார். தனேஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நம்ம ஆளுன்னுதான் சொல்றேன், ஆன்டி. இதெல்லாம் பெரிய எடம். விட்டுடுங்க லா.”

“மூணு நாளா சாப்பாட்டோட வெளிய நின்னேனே, அப்ப நான் யாரு ஆளு? நான் சொல்றத நான் சொன்னதாத்தான எழுதப் போறீங்க. எழுதுங்க.”

மூன்றாவது தாளில் அவர் சொன்னது சொன்னபடி இருந்தது. இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். வேனில் ஏறி உட்கார்ந்தார். அழுகை வரவில்லை. யாரையாவது ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

கிள்ளான் வழக்கறிஞர் லோகேஸ்வரி, வேறொரு மருத்துவமனையில் இரண்டாவது பிரேதப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். அதற்குப் பதினோரு நாள் ஆனது. “பொணத்த வச்சிக்கிட்டு என்னம்மா வீம்பு?” என்று கேட்டார் மாமா ரெங்கசாமி.

“எரிச்சிட்டா அப்புறம் எதக் காட்டறது, மாமா?”

பரிசோதனையில் நாற்பத்தொரு காயங்கள் தெரிந்தன. மரண விசாரணை இரண்டு ஆண்டுகள் இழுத்தது. நிலையத்தின் கேமரா சரியாக அந்த மூன்று நாள் மட்டும் பழுதாம். சாட்சி சொல்ல வந்த போலீசார் ஒருவர் பின் ஒருவராக ஞாபகமில்லை என்றார்கள். ஒவ்வொரு முறையும் இராஜம்மா பல்லைக் கடித்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். லாக்கப்பில் அடித்ததால்தான் பாலன் இறந்தான் என்று கடைசியில் நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகும் ஓராண்டுக்கு ஒருவரையும் தொடவில்லை. மாதம் தவறாமல் மனு அனுப்பி அனுப்பி, இராஜம்மாவும் லோகேஸ்வரியும் இரண்டு போலீசார் மீது குற்றம் சாட்ட வைத்தார்கள். காயம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு.

“இதுவரைக்கும் வந்ததே பெரிசு, அக்கா,” என்றார் லோகேஸ்வரி.

“அடிச்சதுக்குக் கேஸ், சரி. செத்ததுக்கு யாரு மேல கேஸ்?”

லோகேஸ்வரி கோப்பை மூடி வைத்தார்.

வழக்கு முதன்முறையாக அழைக்கப்பட்ட அன்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் அந்த இருவரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார்கள். ஜாமீனில் இருந்தார்கள்; வேலையும் போகவில்லை. அவர்களில் ஒருவன், யாரோ ஒரு வயதான அம்மாவுக்கு மரியாதை காட்டுவதுபோல, இராஜம்மாவைப் பார்த்துத் தலையசைத்தான். மூன்று ஆண்டுகளில் எதுவும் அவரை அப்படி எரியவைத்ததில்லை. எழுந்து வழியை மறித்து நின்றார்.

“நான் பாலனோட அக்கா,” என்றார் மலாயில். “பாலன். மறந்திருந்தா ஞாபகப்படுத்தத்தான் சொல்றேன்.”

அவன் தரையைப் பார்த்தான். லோகேஸ்வரி வந்து தோளைத் தொடும்வரை இராஜம்மா நகரவில்லை.

வழக்கு விசாரணை வரும் மார்ச்சில், ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் வேறு ஆள்தான் வேன் ஓட்டுவார் என்று பெற்றோர்களிடம் இராஜம்மா இப்போதே சொல்லிவிட்டார்.