பூஜ்யத்துக்கு ஒரு காப்பி

கேட்டின் தாழ்ப்பாளில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் நாலு தரம் ஆட்டி, அது கிரீச்சிடாமல் நகர்கிறது என்று தெரிந்த பிறகுதான் பேச்சிச்செல்வி கையிலிருக்கும் போனைப் பார்த்துப் பேரைக் கூப்பிடுகிறார்.

"அற்புதமணி... ரீடிங்."

அற்புதமணி இறந்து ஆறு வருடமாகிறது. உள்ளேயிருந்து அவருடைய மருமகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மீட்டர் கணக்கு எழுதுகிற வெள்ளை அட்டையை நீட்டுகிறாள். இரண்டு பேருக்குமே இதில் எதுவும் விசித்திரமாகத் தெரிவதில்லை.

எங்கள் சாயர்புரத்தில் ஆள் போய்விட்டால் ரேஷன் கார்டில் பேரை எடுத்துவிடுவார்கள். மின் இணைப்பில் மட்டும் யாரும் கை வைப்பதில்லை. பணம் வந்தால் போதும், மின்வாரியம் ஆளைக் காட்டு என்று கேட்கவா போகிறது. அதனால் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இருப்பவர்கள் பேரில்தான் விளக்கெரிகிறது. பேச்சிச்செல்விக்குப் போனில் என்ன பேர் வருகிறதோ அதுதான் பேர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, காலை ஒன்பது மணிக்கு, எங்கள் தெருவில் செத்தவர்களுக்கும் சேர்த்து அட்டெண்டன்ஸ் எடுக்கப்படுகிறது.

மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கிறவர் பேச்சிச்செல்வி. ஊர்க்காரர்களுக்கு ஈபிக்காரம்மா. நாற்பத்தெட்டு வயது. பிறந்தது ஏரல் பக்கம் ஆற்றங்கரையில் ஒரு நெல் விளைகிற ஊர், இப்போது குடியிருப்பது தூத்துக்குடிப் பக்கத்துப் புதுக்கோட்டையில். ஆள் குள்ளம். மீட்டர் பெட்டிகளை மாட்டியவர்கள் எல்லாரும் நெட்டையாக இருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் குறை. அதற்காகக் குளியலறையில் போடுகிற நீல பிளாஸ்டிக் முக்காலி ஒன்று ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் எப்போதும் இருக்கும். சேலைக்கு மேல் முழுக்கை ஆண் சட்டை. அந்தச் சட்டைப் பையில், காலியான கண் சொட்டு மருந்துக் குப்பியில், எண்ணெய்.

"உப்புக்காத்து எல்லாத் தாப்பாளையும் தின்னுருது, அண்ணாச்சி. நான் கேட்டத் தொறந்தா கிரீச்சுன்னு கேக்கும். கேட்டதும் உள்ள இருக்கவங்களுக்கு மூஞ்சி சுருங்கிரும். அந்தச் சத்தமே இல்லாம வந்திட்டா ஒரு அர நிமிசமாவது நல்லா இருப்பாங்கள்லா" என்று என்னிடம் விளக்கம் சொன்னார். ஆளுக்கு அரை நிமிடச் சந்தோஷம் கொடுப்பதற்காகச் சொந்தச் செலவில் எண்ணெய் வாங்கும் அரசு ஊழியரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

'யூனிட்டு பொய் சொல்லாது' என்பது அவர் அடிக்கடி சொல்வது. எந்த வீட்டில் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், எந்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் மாடியறையில் ஏசி மாட்டியிருக்கிறார்கள், யார் ஊருக்குப் போய் இன்னும் திரும்பவில்லை, எல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வீட்டுச் சங்கதியை இன்னொரு வீட்டில் சொல்ல மாட்டார். நானும் பல விதமாகக் கிண்டிப் பார்த்துவிட்டேன்.

இப்படிப்பட்டவரை ஊர் எப்படி நடத்தியது என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. இரண்டு மாதத்தில் ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எகிறிவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. நானூற்றுத் தொண்ணூற்றில் அவர் வந்தால் மகராசி, ஐந்நூற்றுப் பத்தில் வந்தால் பாவி. போன சித்திரையில் என் வீட்டு மீட்டர் ஐந்நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. "ரெண்டு நாள் முந்தி வந்திருக்கப்படாதா" என்று நானும் எரிந்துதான் விழுந்தேன். பேச்சிச்செல்வி முக்காலியிலிருந்து இறங்கிக்கொண்டே, "சீக்கிரம் வந்தா ஏன் வந்தங்கிய, லேட்டா வந்தா ஏன் வரலங்கிய. ஏசியப் போட்டது நானா, அண்ணாச்சி?" என்றார். நான் உள்ளே போய் ஏசியை அணைத்தேன்.

பத்தொன்பது வருடம் இப்படிப் போயிருக்கிறது. அப்புறம் ஒரு நாள் நர்ஸ் பிளாரன்ஸ் வீட்டு மொட்டைமாடியில் சூரிய மின்தகடு ஏறியது. மத்திய அரசு மூன்று கிலோவாட்டுக்கு எழுபத்தெட்டாயிரம் ரூபாய் மானியம் தருகிறது, மிச்சத்துக்கு வங்கி கடன் தருகிறது என்று எங்கோ கேட்டுவிட்டுத் துணிந்து போட்டவள் அவள். வீட்டுக்குப் போக மிஞ்சுகிற மின்சாரம் வாரியத்துக்குப் போகும், வாங்கினதில் கொடுத்ததைக் கழித்து மீதிக்குத்தான் பில். பேச்சிச்செல்வி முக்காலியில் ஏறிப் புது மீட்டரைப் படித்தார். பில்லில் பூஜ்யம் வந்தது. போனில்தான் கோளாறு என்று நினைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் பூஜ்யம்.

பிளாரன்ஸ் அவரை உள்ளே கூட்டிப் போய் ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்து, காப்பியும் ஒரு துண்டு மஸ்கோத் அல்வாவும் கொடுத்தாள். பத்தொன்பது வருடத்தில் பில் கொடுத்த வீட்டில் அவர் குடித்த முதல் காப்பி அது. அன்றைக்கு ருசி கண்டவர்தான். அதன் பிறகு ஊரில் ஒரு மொட்டைமாடியையும் அவர் சும்மா விடவில்லை.

"மாடி சும்மாத்தான கெடந்து காயுது, அதுக்கும் ஒரு வேலையக் குடுங்க" என்று ஆரம்பிப்பார். வடகம் காயப்போட இடம் போய்விடுமே என்றால், தகட்டுக் கால்களை உயர்த்திப் போடச் சொல்லுங்கள், கீழே வடகமும் காயும், ஆளும் நிற்கலாம் என்பார். மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டே, மரத்தடியில் யாருக்காவது போனில் விண்ணப்பம் ஏற்றிக் கொடுப்பார். இதில் உமக்கு என்ன கமிஷன் என்று சந்தேகப்பட்டுக் கேட்டவர்கள் உண்டு. நானும் கேட்டேன்.

"இருக்கு, அண்ணாச்சி. பூஜ்யத்துக்கு ஒரு காப்பி."

இதுவரை முப்பத்திரண்டு வீடு. சில நாள் ஆறு காப்பி குடித்துவிட்டு வாய் கசந்துபோய் வருகிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறார்.

முப்பத்திரண்டாவது வீடுதான் அவரைப் படுத்திவிட்டது. அது என் பக்கத்து வீடு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் பொன்னுதுரை ஸார், வயது எழுபத்து நாலு, தனியாக இருக்கிறார். மகன் பிரைட்டன் சென்னையில். மனைவி ஜீவமணி டீச்சர் இறந்து ஐந்து வருடமாகிறது. டீச்சருடைய சேமநிதிப் பணத்தில் கட்டிய வீடு என்பதால் இணைப்பு டீச்சர் பேரில் இருந்தது.

ஸார் முதலில் ஓய்வு பெற்றுவிட்டார். அதன் பிறகும் டீச்சர் வேலை பார்த்த காலத்தில் பகலில் அவர் பள்ளிக்கூடத்தில் இருப்பார். பேச்சிச்செல்வி கேட்டில் நின்று, "ஜீவமணி டீச்சர்... ரீடிங்" என்பார். உள்ளேயிருந்து ஸார், "டீச்சர் கிளாஸ்ல இருக்கா. நான் வாரேன்" என்பார். டீச்சர் ஓய்வு பெற்றார், படுத்தார், போய்ச் சேர்ந்தார். கேட்டில் கேள்வியும் மாறவில்லை, உள்ளிருந்து வருகிற பதிலும் மாறவில்லை. வெளியே வந்த பிறகு இரண்டு பேருக்கும் சண்டை. ஸார் தினமும் காலை ஆறு மணிக்குத் தானே மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறவர். உன் போன் ஒரு யூனிட் கூடச் சொல்லுகிறது என்பார். உங்கள் கண்ணாடியை மாற்றுங்கள் என்பார் இவர். எனக்குக் காலைப்பொழுது நன்றாகப் போகும்.

போன மே மாதம் சண்டை நடக்கவில்லை. ஸார் வெற்றி பெற்றவராக வாசலிலேயே நின்றார். "தொண்ணூத்தி நாலு. நூறுக்குள்ள. ஒரு பைசா கெடையாது ஒங்க ஆபீசுக்கு."

பேச்சிச்செல்வி எண்ணைப் பார்த்தார். ஸாரைப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே ஃபேன் ஓடவில்லை. பிரைட்டன் மாட்டிக் கொடுத்த ஏசிக்குப் போர்வை போர்த்தியிருந்தது. ஊரெல்லாம் மும்மடங்கு ஏறுகிற அக்னி நட்சத்திரத்தில் ஒரு வீட்டில் தொண்ணூற்று நாலு என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். முக்காலியைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"யூனிட்டு பொய் சொல்லாது, ஸார். ஃபேனக்கூட போடாமயா இருக்கிய?"

"சாயந்தரம் போடுவேன். நல்லாத்தான இருக்கேன்."

"வெக்கையில சுருண்டு விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்? நான் ரெண்டு மாசம் கழிச்சுல்லா வருவேன்."

 மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குச் சுருக்கென்றது. பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு நான் கவனிக்காததை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர் ஓர் எண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

அன்றே மானியக் கணக்கு எல்லாம் சொல்லிவிட்டுப் போனார். கணக்கில் ஸாருக்கு ஒரு தடையும் இல்லை. தகடு போடுகிற கம்பெனிக்காரன் கொண்டுவந்த மதிப்பீட்டில் இரண்டு தப்பு கண்டுபிடித்து, சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினார். வீட்டு வரி ரசீது, டீச்சருடைய இறப்புச் சான்று, பிரைட்டனின் சம்மதக் கடிதம் எல்லாம் அட்டைக் கோப்பில் வரிசையாகச் சேர்ந்தன. ஜூலையில் பேச்சிச்செல்வி வந்தபோது கோப்பு அப்படியே வராந்தா மேசைமேல் இருந்தது. ஏசிக்கு இன்னும் போர்வை. மீட்டரில் தொண்ணூற்றாறு.

கோப்பைப் புரட்டினார். ஒரே ஒரு தாளில் கையெழுத்து இல்லை. பெயர் மாற்றப் படிவம். இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க முடியும், மானியமும் அவருடைய வங்கிக் கணக்குக்குத்தான் போகும் என்பதால், ஜீவமணி என்பது பொன்னுதுரை ஆனால்தான் காரியம் நடக்கும்.

"இது ஒண்ணுதான பாக்கி, ஸார்?"

ஸார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "பேர மாத்திட்டா ஒன் போன்ல எம் பேருல்லா வரும்" என்றார்.

"ஆமா."

"அப்ப நீ கேட்டுல நின்னு எம் பேரத்தான கூப்பிடுவ."

அவ்வளவுதான் சொன்னார். பேச்சிச்செல்விக்குப் புரிந்துவிட்டது. அந்த வீட்டு வாசலில் ஜீவமணி டீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர் உலகத்தில் அவர் ஒருத்தர்தான். வருடத்துக்கு ஆறு தடவை. அந்த ஆறுக்காக ஒரு மனிதர் வியர்வையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"பேரு மிஷின்லதான் மாறும், ஸார். எம் வாயி என்ன ஈபி சாமானா?"

ஸார் நிமிர்ந்தார். முப்பது வருடத் தலைமையாசிரியர், வாய் வார்த்தையை நம்புவாரா. "எழுதிக் குடு."

பேச்சிச்செல்வி வெள்ளை அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார்: 'பெயர் மாறினாலும் ஜீவமணி டீச்சர் என்றே கூப்பிடுவேன்.' கீழே கையெழுத்து, தேதி. ஸார் படித்துப் பார்த்துவிட்டு, "முற்றுப்புள்ளி வச்சிருக்க, பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பேர் மாறியது. தகடு ஏறியது. மீட்டர் மாறியது. மானியம் கணக்கில் ஏறிய அன்று, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியை ஸார் தெருவில் நின்று ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிற குரலில் மூன்று முறை வாசித்தார். அன்று இரவிலிருந்து ஏசி ஓடுகிறது. அதன் வெளிப்பெட்டி என் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. அந்த இரைச்சலில் எனக்குத் தூக்கம் கெட்டாலும் சந்தோஷமாகவே கெடுகிறது.

போன வாரம் பேச்சிச்செல்வி வந்தார். நான் செடிக்குத் தண்ணீர் விடுவதுபோல மதில் ஓரம் நின்றுகொண்டேன். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார். நாலு தரம் ஆட்டினார். போனை எடுத்துப் பார்த்தார். அதில் என்ன பேர் இருந்தது என்று எனக்கும் தெரியும். போனைப் பைக்குள் போட்டுவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஜீவமணி டீச்சர்... ரீடிங்."

உள்ளே ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கையிலிருந்த செம்பு சாய்ந்து என் காலெல்லாம் தண்ணீர்.

"டீச்சர் கிளாஸ்ல இருக்கா. நான் வாரேன்."

பேச்சிச்செல்வி முக்காலியில் ஏறிப் படித்தார். பூஜ்யம். சண்டை போட எண்ணே இல்லாததில் ஸாருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். நோட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு மூடினார். காப்பி ஏற்கெனவே போட்டு வராந்தா மேசையில் மூடி வைத்திருந்தார். பேச்சிச்செல்வி அதைக் குடிக்கும்போது ஸார் வெள்ளை அட்டையைத் திருப்பினார். பேச்சிச்செல்வி எழுதிக் கொடுத்த வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். ஒரு வருடத்துக்கு ஆறு கட்டம், பத்து வருடத்துக்கு. சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, முதல் கட்டத்தில் ஒரு 'டிக்' போட்டார்.