மூலை நசுங்கிய பெட்டி

எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு டிஷ் பெட்டி இருக்கிறது. இடது பக்க மூலை உள்ளே அமுங்கி, மேல்மூடி பிளந்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், "இவ்வளவு பெரிய டிவி வாங்கினவருக்கு ஒரு பெட்டி மாற்ற மனசு வரலையா?" என்று கேட்பார்கள். மாற்ற மாட்டேன். பட்டினப்பாக்கத்தில் ஐஸ் பாரைத் தோளில் சுமந்தவன் நான். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. இன்று மந்தைவெளியில் சொந்த மாடிவீடு, ஐஸ் ஏற்றிப் போகும் வண்டிகள் எல்லாவற்றிலும் என் பெயர்தான். எவனும் தூக்கிக் கொடுக்கவில்லை, எல்லாம் இந்தக் கை சம்பாதித்தது. அந்த நசுங்கிய மூலையும் இந்தக் கை செய்ததுதான்.

என் அக்காவின் புருஷன், நான் மாமா என்று கூப்பிட்ட மனிதர், வேலை செய்யாத எதையும் அடிப்பார். ஸ்டார்ட் ஆகாத வண்டியை உதைத்தே அதன் விளக்கை உடைத்தார். சுற்றாத மிக்ஸியைச் சுவரில் மோதினார். பீரோ திறக்கவில்லை என்று இரும்புக் குழாயால் அதன் கதவைப் பிளந்தார். "அடிச்சாதான் மச்சான், எதுவும் வழிக்கு வரும்" என்று சிரிப்பார். தெருவில் எல்லோரும் கூடச் சிரித்தார்கள். நானும்தான்.

கடற்கரைக்குப் பக்கத்துக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. மேகம் கட்டினால் சிக்னல் போய்விடும், திரை கறுத்துவிடும். கொஞ்ச நேரத்தில் 'தொப் தொப்' என்று சத்தம் படிக்கட்டு முழுக்க இறங்கும். மறுநாள் குழாயடியில் யாராவது கேட்டால், "பொட்டி மக்கர் பண்ணுதுக்கா, அதான் தட்டிக்கினு இருந்தாரு" என்பாள் அக்கா. மேகமே இல்லாத நாளிலும் அந்தச் சத்தம் கேட்டது. அதற்கும் பெட்டிதான் காரணம். கட்டடம் முழுக்க அந்தப் பெட்டியைத் திட்டியது.

அக்கா வீட்டில் ஒரு சாமான் இப்படித் தொல்லை கொடுத்தால் எனக்குத்தானே அவமானம்? ஒருநாள் காலையில் போய்ப் பெட்டியைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு தி.நகரில் தெரிந்த ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் தன் டிவியில் மாட்டினார். படம் உறைந்து நின்றது. சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, கார்டை உருவித் துடைத்துச் செருகினார். கொஞ்ச நேரம் சும்மா விட்டார். திரும்ப மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது, படம் ஓடியது.

"இவ்ளோதான் நைனா. சூடாச்சுன்னா கொஞ்சம் ஆறவுடணும்."

"எங்க மாமா இதைத் தெனம் போட்டு அடிக்கிறாரு. உள்ள எதுனா ஒடஞ்சி கீதா பாரு" என்றேன்.

அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவன் சொன்னது? இது மேல ஒரு அடிகூட வுழல. புதுசு மாதிரி கீது."

நான் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த சாமான், அடித்தாலும் தாங்குகிறது என்று பெருமைதான் பட்டேன். அந்தப் பெருமையோடுதான் வண்டியை விட்டேன்.

படியேறும்போது, கீழ்வீட்டில் தையல் மிஷின் போட்டிருக்கும் பாய் தலையை நீட்டினார். "இன்னாபா, இன்னிக்கும் பொட்டி மக்கரா? ரொம்ப நேரமா தட்டிக்கினே கீறாரு உங்க மாமா."

பெட்டி என் கையில் இருந்தது.

மேலிருந்து 'தொப்' என்று இன்னொரு சத்தம் இறங்கியது. பாய் என் பையைப் பார்த்தார். நான் படிகளைத் தாவினேன்.

கதவை உதைத்த உதையில் தாழ்ப்பாள் பிய்ந்து உள்ளே பறந்தது. டிஷ்ஷிலிருந்து வரும் கறுப்பு ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார் மாமா. அதன் நுனியில் திருகி மாட்டும் இரும்பு மரை இருக்குமே, அது அக்காவின் புருவத்தைக் கிழித்திருந்தது. டிவி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் தலையை முழங்காலுக்குள் புதைத்துக் கிடந்தாள். முதுகில் அவர் முழங்கை இறங்கியது. அதுதான் அந்தச் சத்தம். "பொட்டிய குடுத்து அனுப்பிச்சிட்டியே, இன்னாத்தடி பாப்பேன்? உன் மூஞ்சியவா?"

பையோடு பெட்டியைச் சுழற்றி வீசினேன். அது மாமாவின் தாடையில் இறங்கியபோது காய்ந்த விறகு முறிகிற சத்தம் கேட்டது. விழுந்தவர் எழுந்து என் கையைக் கவ்வினார். பல் இறங்கிய தழும்பு இன்னும் இருக்கிறது. மறுபடி அடித்தேன். அவர் பல் ஒன்று தரையில் தெறித்தது. அலமாரிக் கண்ணாடி உடைந்து அவர் மேலேயே கொட்டியது. பாய் மட்டும் வந்து என் இடுப்பைக் கட்டி இழுக்காவிட்டால் அன்றைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும்.

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "இன்னாமா ஆச்சு?" என்று பாய்தான் கேட்டார். அக்கா வழக்கம்போலப் பெட்டி என்று சொல்லிவிட்டால் எல்லோரும் இறங்கிப் போய்விடுவார்கள், அவள் மறுபடி இந்த வீட்டில்தான் கிடக்க வேண்டும். கண்ணில் வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். தரையில் கிடந்த மாமாவைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள்.

"பொட்டி இல்ல பாய். இத்தினி வருசமா என்னத்தான் அடிச்சாரு. பொட்டி மேல பழியப் போட்டது நானு."

மாற்றுத் துணிகூட எடுக்காமல், நசுங்கிய அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு என்னோடு இறங்கிவிட்டாள். என்னை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். கட்டடமே வந்து அவளுக்குச் சாட்சி சொன்னது. அவள் திரும்பிப் போகவே இல்லை. மாமாவை மீன் வாங்கப் போகும்போது இன்றும் பார்க்கிறேன். தாடை ஒரு பக்கம் கோணியிருக்கும். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் திருப்புவதில்லை.

போன வாரம் வானம் மூடியிருந்தது, படம் நின்றுவிட்டது. தரமணியில் வேலை பார்க்கும், என் மகளைக் கட்டிய மருமகன், "ரெண்டு தட்டு தட்டினா வந்துடும் மாமா" என்று கையை ஓங்கினார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்தாள். "வாணாம்பா. அது மேல கை வெக்காத."

சுவிட்சை அணைத்தாள். ஒயரைப் பிடுங்கி, கார்டை உருவி முந்தானையால் துடைத்துச் செருகினாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் விரல் அந்த நசுங்கிய மூலையின் மேல் இருந்தது.

"ஆறிடுச்சி. போடுடா தம்பி" என்று என்னிடம் நீட்டினாள்.

ஐஸ் பார் தூக்கிய கை, மாமாவின் தாடையை உடைத்த கை. ஒயரை மெதுவாகத்தான் செருகினேன்.